நான்கு முறை ரத்தான ஓடைப் பாலம்

கம்மாபுரம் பக்கத்து ஓடைப் பாலத்துக்கு நாங்கள் டெண்டர் விட்ட வரலாறு:

1. மூவர் வந்தார்கள். வெவ்வேறு நாட்களில் இடத்தைப் பார்த்ததாகப் போட்டோ இணைத்திருந்தார்கள். மூன்றிலும் ஒரே வெள்ளை நாய். ரத்து.
2. ஒருவர் மட்டுமே வந்தார். ரத்து.
3. இருவர் வந்தார்கள். இருவரும் மதிப்பீட்டைப் போல ஒன்றரை மடங்கு கேட்டார்கள். ரத்து.
4. நால்வர் வந்தார்கள். விலை, சான்று எல்லாம் சரி. ரத்து.

எங்கள் செயற்பொறியாளருக்கு ஊர் வைத்த பெயர் ரத்து சார். அவர் கட்டவிடாதவற்றை ஒன்றாக அடுக்கினால் விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் இன்னொரு விருத்தாசலம் எழும்பிவிடும். நான் அவருக்குக் கீழே இளநிலைப் பொறியாளர்.

நாய் விவகாரத்தில் ஒப்பந்தக்காரர் ஒருவர் சண்டைக்கு வந்தார். "தெருநாய் சார். யாரு போனாலும் பின்னாடியே வரும்."

"வரட்டும்யா. மூணு நாளும் அதே பன் ரொட்டிய கவ்விக்கிட்டா வரும்?"

சார் கேட்டதும் அலுவலகமே சிரித்தது. ஓடைக்கு அக்கரையில் யாரும் சிரிக்கவில்லை.

மூன்றாவது ரத்துக்குப் பின் வந்த மழையில், ஓடையைக் கடக்கும்போது வள்ளியக்கா வழுக்கி விழுந்தார். செராமிக் கம்பெனியில் பொம்மைக்கு வர்ணம் அடிப்பவர். வலது மணிக்கட்டு முறிந்து, வேலையும் போனது. மாவுக்கட்டோடு நேராக சாரின் மேசைக்கு வந்தார்.

"நாயி கூட மூணு தடவ வந்து நின்னுது. பாலம் எப்ப சார் வரும்?"

சார் எழுந்து நின்றார். "அதுக்காக கெட்ட பாலத்த கட்டச் சொல்றியாம்மா?"

"நல்லதோ கெட்டதோ, வூட்டுக்குப் போவ கால் நனையாம இருந்தா போதும் சார்."

நான்காவது முறை ஒப்புதல் கையெழுத்துப் போட சாரே பேனாவைத் திறந்துவிட்டார். அப்போதுதான் என் வரைபடத்தைப் பார்த்தார். சித்திரையில் அளந்த நீர்மட்டத்தை வைத்து நான் பாலத்தின் உயரத்தைக் குறித்திருந்தேன்.

"ஏம்மா, ஐப்பசித் தண்ணி உன் டிராயிங்க பாத்துட்டா வரும்?"

உயரம் கூடினால் வேலையே வேறு. பழைய விலைக்கு ஒப்பந்தம் கொடுக்க முடியாது. பேனாவை மூடினார். பிறகு மறுபடி திறந்து, 'வரைபடத்தை நான் சரிபார்க்கவில்லை' என்று கோப்பில் எழுதினார். என் பெயரை எழுதவில்லை. தாமதத்துக்கு விளக்கம் கேட்டு வந்த மெமோவும் அவர் பெயருக்கே வந்தது.

இப்போதைய நிலவரம்: திருத்திய மதிப்பீடு அனுமதிக்காகக் கடலூர் போயிருக்கிறது. வலது மணிக்கட்டு சரியாகக் கூடாததால் வள்ளியக்கா இடது கையால் வர்ணம் அடித்துப் பழகுகிறார். சார் ஓய்வு பெற்றுவிட்டார். மழை பெய்தால் மட்டும் எனக்குப் போன் செய்வார்.

"ஜனங்க எப்படிம்மா கடக்குறாங்க?"

தண்ணீரில் இறங்கித்தான்.