தண்ணீர் குடிக்காத அடியாள்

ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்பிள்ளை ஒருவன் கண்ணாடி முன்னால் சட்டையைக் கழற்றிவிட்டுப் பக்கவாட்டில் நின்று பார்க்க ஆரம்பித்தால், அந்த வீட்டில் இருப்பவர்கள் உஷாராக இருப்பது நல்லது. என் வீட்டில் உஷாராகத்தான் இருந்தார்கள். நான்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

மதுரை செல்லூரில் ஜிம் வைத்திருக்கிறேன். ஏசி கிடையாது. இரண்டு ஃபேன் உண்டு, அதில் ஒன்று சுற்றும். நாற்பதுக்கு மேல் மனுஷனுக்குத் தசை சொல்லாமல் கொள்ளாமல் கரையத் தொடங்கும். அதைப் பிடித்துவைக்க எனக்குத் தெரிந்ததெல்லாம் எடை தூக்குவது, முட்டையும் சுண்டலும் தின்பது, சீக்கிரம் படுத்துத் தூங்குவது. ஸ்டீராய்டு ஊசிப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. சொல்லப்போனால் எந்த ஊசிப் பக்கமும் போனதில்லை. காலில் துருப்பிடித்த கம்பி ஏறியபோது மட்டும் என் மனைவி செல்வி பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஏமாற்றி ஒன்று போட்டுவிட்டாள். (அவள் ஆஸ்பத்திரி நர்ஸ். அது கணக்கில் வராது.)

ஜிம்மில் அரசியல் பேசக் கூடாது என்று எழுதிப் போட்டிருக்கிறேன். அதனால் எல்லோரும் நடிகர்களின் உடம்பைப் பற்றிப் பேசுவார்கள். குறிப்பாக ஒரு கதாநாயகர். என்னைவிட மூத்தவர், தோள் இரண்டும் தேங்காய் வைத்துத் தைத்தது போல இருக்கும். அது நேச்சுரலா, ஊசியா என்று வாக்குவாதம் முற்றி, இரண்டு பேர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்திருக்கிறார்கள். இதில் எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. ஆனால் ஒருநாள் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒருவன் சொன்னது காதில் விழுந்தது.

"நம்ம மாஸ்டர் மட்டும் என்னவாம் மாப்ள? அம்பத்திரண்டு வயசுல சுண்டல் தின்னா இம்புட்டுக் கட்டு நிக்கும்? எல்லாம் ஊசிதேன்."

முப்பது வருடமாக நான் சம்பாதித்த ஒரே பெயர், ஊசி போடாதவன் என்பதுதான். அந்தப் பெயரை நம்பித்தான் பெற்றவர்கள் என்னிடம் பிள்ளைகளை அனுப்புகிறார்கள். பக்கத்துத் தெருவில் கண்ணாடிக் கதவு போட்ட புது ஜிம் வேறு வந்து, என் பையன்கள் ஒவ்வொருவராக அங்கே நகர்ந்துகொண்டிருந்த நேரம். பெயரும் போய்விட்டால் நான் ஜிம்மை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்.

அப்போது வந்தது அந்த வாய்ப்பு. அதே கதாநாயகரின் படப்பிடிப்பு, சமயநல்லூரில் ஒரு பழைய அரிசி ஆலையில். வில்லனின் மூத்த அடியாளாக, நரைத்த மீசையும் நல்ல உடம்புமாக ஓர் ஆள் வேண்டுமாம். சட்டையைக் கிழித்துக்கொண்டு கர்ஜிக்க வேண்டும், நாயகர் ஒரு குத்து விடுவார், விழ வேண்டும். அவ்வளவுதான் வேஷம். இந்த உடம்பைத் தமிழ்நாடே பார்த்துவிட்டுச் சொல்லட்டும் என்று நினைத்தேன்.

இங்கேதான் என் அறிவு வேலை செய்தது. ஆணழகன் போட்டிக்குப் போகிறவர்கள் மேடை ஏறுவதற்கு முன் உப்பையும் தண்ணீரையும் நிறுத்துவார்கள். தோல் ஒட்டிக்கொண்டு நரம்பெல்லாம் எழுந்து நிற்கும். நானும் அந்தக் காலத்தில் செய்தவன். படப்பிடிப்புக்கு முந்தின நாள் காலையிலேயே நிறுத்திவிட்டேன்.

"தண்ணி குடிக்காமக் கெடக்குறதுதான் உங்க ஊருல நேச்சுரலா?" என்று கேட்டாள் செல்வி.

"ஒனக்கு என்ன தெரியும்? காலையில ஒம்பது மணிக்கு ஷாட். பத்து மணிக்கு ஒரு குடம் தண்ணி குடிச்சுக்குவேன்."

"கேமராவுல நரம்பு தெரியுதோ இல்லையோ, எங்களுக்கு உங்க எலும்பு தெரியப்போகுது. போங்க."

ஆணழகன் போட்டியில் மேடை ஏறும் நேரம் தெரியும். சினிமாவில் அது கடவுளுக்கே தெரியாது. ஒன்பது மணிக்கு நான் எண்ணெய் தடவித் தயாராக நின்றேன். நாயகர் வந்தது பதினொன்றுக்கு. பிறகு வெயில் சரியில்லை என்றார்கள். பிறகு ஜெனரேட்டர் சரியில்லை. "பத்தே நிமிஷம் மாஸ்டர்" என்று உதவி இயக்குநர் ஒருவர் போகும்போதும் வரும்போதும் சொன்னார். நல்ல மனிதர், ஆனால் அவர் வாட்சில் பத்து நிமிஷம் ரொம்பப் பெரியது.

என்னோடு இன்னும் நாலு அடியாட்கள் இருந்தார்கள். இளவட்டங்கள். ஊதிய முகமும் முதுகெல்லாம் பருவுமாக இருந்ததைப் பார்த்தவுடன் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. தொண்டை காய்ந்திருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "ஊசி போட்டு ஏத்துன ஒடம்பு ஊசி நின்னா எறங்கிரும் தம்பி. எதயத்துக்கு ஆகாது, கிட்னிக்கு ஆகாது. என்னையப் பாருங்க, எங்கயாச்சும் தொய்வு தெரியுதா?" என்று மத்தியானம்வரை பாடம் நடத்தினேன். அவர்கள் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே மரியாதையாகக் கேட்டார்கள். நான் அந்தப் பிரியாணியைப் பார்த்துக்கொண்டே பேசினேன்.

மூன்று மணிக்குமேல் அழைப்பு வந்தது. சட்டையைக் கிழித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், லைட்மேன் ஒருவர் "யாத்தே!" என்றார். இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். ஆயுசில் அப்படி ஒரு நிமிஷம் எல்லோருக்கும் கிடைக்காது. எனக்குக் கிடைத்தது. அதை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது.

அடுத்து கர்ஜிக்க வேண்டும். நெஞ்சை விரித்து, தொடையை முறுக்கி, மூச்சை இழுத்தேன். முதலில் பின்னந்தொடை பிடித்துக்கொண்டது. அதை விடுவிக்கத் திரும்பியதில் முதுகு பிடித்தது. முதுகுக்குத் துணையாக வயிறும் சேர்ந்துகொண்டது. கர்ஜனைக்குப் பதிலாக வாயிலிருந்து ஆட்டுக்குட்டிச் சத்தம் ஒன்று வந்தது. நாயகர் அப்போதுதான் கையையே ஓங்கியிருந்தார். நான் விழுந்துவிட்டேன்.

"அப்படியே கண்டின்யூ!" என்று இயக்குநர் கத்த, நாயகரும் தொழில் தெரிந்தவர் என்பதால் யாருமில்லாத இடத்தில் ஒரு குத்து விட்டார். கட் சொன்ன பிறகும் நான் எழவில்லை.

அந்த நாலு பையன்கள்தான் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். "அண்ணே, நேச்சுரலாவே நல்ல வெயிட்டுண்ணே நீங்க" என்று ஒருவன் மூச்சு வாங்கியது ஞாபகம் இருக்கிறது.

பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. டாக்டர் பார்த்துவிட்டு உடனே குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார். ஊசியுடன் நர்ஸ் வருவதைப் பாதிக் கண்ணால் பார்த்தேன். அவ்வளவுதான், எங்கிருந்து பலம் வந்ததோ, கட்டிலே ஆட ஆரம்பித்தது. "ஊசி வேணாம்! யாரும் கிட்ட வராதீங்க! நான் நேச்சுரல்! செத்தாலும் நேச்சுரலாத்தேன் சாவேன்!"

நாலு பையன்களில் மூன்று பேர் என்னைப் பிடித்தார்கள். நாலாமவன் செல்போனில் படம் பிடித்தான்.

அதற்கப்புறம் நடந்ததுதான் கொடுமை. நரம்பு தெரிய வேண்டும் என்று தண்ணீர் குடிக்காமல் கிடந்தவனுக்கு, ஊசி குத்த ஒரு நரம்பு கிடைக்கவில்லை. உடம்பு அவ்வளவு வற்றிப்போயிருந்தது. இடது கை, வலது கை, புறங்கை என்று அந்தப் பெண் தட்டித் தட்டித் தேடினாள். தகவல் கேட்டு மதுரையிலிருந்து ஓடிவந்த செல்விதான் கடைசியில் கையைப் பிடித்து, ஒரே குத்தில் ஏற்றினாள். "தமிழ்நாட்டுக்கே நரம்பக் காட்டப் போனாரு. நர்சுக்குக் காட்ட ஒண்ணு இல்ல" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது. (உடம்பில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்ததன் அறிகுறி என்றார் டாக்டர்.)

சாயங்காலம் அந்த நாயகர் வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் தோளை அழுத்திப் பார்த்தார்.

"மாஸ்டர், நிஜமாவே வெறும் சாப்பாடுதானா?"

"ஆமா சார். முட்டையும் சுண்டலும்."

என் தோளிலிருந்து கையை எடுத்தார். "என்கிட்டயும் இதே கேள்வியத்தான் எல்லாரும் கேக்குறாங்க. ஒரு தடவைகூட உங்கள மாதிரி டக்குனு பதில் சொல்ல முடிஞ்சதில்ல" என்றார்.

அவர் சொன்னதை ஜிம்மில் இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் பையன்களின் வாக்குவாதம் தீராமல் போகிறது, போகட்டும். ஆனால் அன்றைக்கு எனக்கு ஏறிய தெம்பில் குளுக்கோஸின் பங்கு பாதிதான்.

வீடியோ மதுரை ஜிம் எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு என் ஜிம்முக்கு வந்து சேர்ந்தது. மானம் போயிற்று என்று இரண்டு நாள் வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் பேரையூரிலிருந்து ஓர் அம்மா, போலீஸ் தேர்வுக்குத் தயாராகும் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"சாகக் கெடந்தப்பக்கூட ஊசி வேணாம்னு அம்புட்டுக் கத்துக் கத்துனது நீங்கதான? உங்ககிட்டதேன் எம் புள்ளைய விடுவேன்."

அவருக்குப் பின்னால் இன்னும் பலர் வந்தார்கள். புது ஜிம்முக்குப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் பேசியவன் மட்டும் மன்னிப்புக் கேட்கவில்லை. பேசாமல் சுண்டலுக்கு மாறிவிட்டான். படத்தில் அந்த விழுதலை அப்படியே வைத்திருக்கிறார்கள். எத்தனை பேரை வைத்து எடுத்தாலும் அப்படி ஒரு விழுதல் கிடைக்காது என்றாராம் இயக்குநர்.

சொந்தக்காரர்கள் மத்தியில் எனக்கு இப்போது பெயர் மாறிவிட்டது. கல்யாணப் பந்தியில் நான் உட்கார்ந்தால் போதும், இலை போடுவதற்கு முன்பே செல்வி எட்டத்திலிருந்து சத்தம் கொடுப்பாள்: "தண்ணிய மொதல்ல நேச்சுரலுக்கு வைய்யிங்கப்பா!" பந்தியே திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். நான் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, டம்ளரைக் கவிழ்த்துக் காட்டி, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்வேன். பார்க்கிறவர்கள் நன்றாகவே பார்க்கட்டும்.