சத்தம் போடாத புரோகிராமும் சேத்தியாத்தோப்புச் சம்பந்தமும்

விருத்தாசலம்,
ஆடி, 2008

வேப்பூரில் டயர் கடையும் கைராசியுமாக விளங்கும் மச்சான் தர்மராஜ் அவர்கள் சமூகத்துக்கு, மாணிக்கவேல் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு எல்லாரும் சுகம், உங்கள் தங்கை கண்ணம்மாளின் கோபம் நீங்கலாக. அங்கு அக்காவின் முட்டிவலி தேவலையா என்று அறிய ஆவல்.

நிற்க. நீங்கள் பார்த்துக் கொடுத்த சேத்தியாத்தோப்புச் சம்பந்தம் முறியும் நிலையில் இருக்கிறது. குற்றம் யாருடையது என்பதில் இந்த வீட்டில் கருத்து வேற்றுமை இல்லை, எல்லாரும் என்னைத்தான் சொல்கிறார்கள். பெண் பார்க்க அவர்கள் வந்த அன்று நீங்கள் லோடு இறக்கப் போய்விட்டதால் நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

பையனின் அப்பா நடராசன் பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு, "பொண்ணு வூட்டுலேருந்தே வேலை பாக்குதாமே, என்னா வேலைங்க?" என்று கேட்டார். கம்ப்யூட்டருக்குள்ளே ஓர் ஊர் இருக்கிறது, உலகத்து ஜனங்கள் பொம்மை உருவத்தில் அங்கே போய் மனை வாங்கி வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள், அந்த ஊரில் ஒரு கதவு திறக்க வேண்டுமென்றாலும் அதற்கென்று உள்ள பாஷையில் கட்டளை எழுத வேண்டும் என்று எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். ஒரு சாமானுக்குக் கொஞ்சம் இடம்தான் கொடுப்பார்களாம். கட்டளை அதற்குள் அடங்காவிட்டால் கதவு திறக்காது. நம் சண்முகப்ரியா செய்திருக்கும் புரோகிராம் அந்தக் கட்டளைகளில் வேண்டாததை வெட்டி, திரும்பத் திரும்ப வருவதை ஒன்றாக்கிச் சுருக்கிக் கொடுக்கும். "அதுல குடியிருக்கறவங்களுக்கு ரேஷன் கார்டு உண்டா?" என்று கேட்டார். பெருமை பொறுக்காமல் நான், "காட்டும்மா" என்றேன்.

அங்கேதான் சனி பிடித்தது. மச்சான், அந்தப் புரோகிராமில் படம் கிடையாது, பொத்தான் கிடையாது, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும். பெண் ஒரு வரி தட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. எல்லாரும் பார்த்தபடி இருந்தோம். "கரண்டு போயிடுச்சா?" என்றார் நடராசன்.

"முடிஞ்சுதுங்க" என்றாள்.

"என்னாம்மா முடிஞ்சுது?"

"வேலைங்க. தப்பு இருந்தாத்தான் அது சத்தம் போடும். ஒண்ணும் சொல்லலன்னா எல்லாம் சரின்னு அர்த்தம்."

"பரவால்லியே, எங்க வூட்டுலயும் இப்படி ஒண்ணு இருந்தா தேவலாம்" என்று தன் சம்சாரத்தைப் பார்த்தார். அந்தம்மா பார்த்த பார்வையில் அடுத்த பஜ்ஜியை எடுக்கவில்லை. பிறகு, "போயிட்டு சேதி சொல்றோம்" என்று கிளம்பினார்கள்.

சேதி வரவில்லை. ஒரு வாரம் பார்த்தேன், இன்னொரு வாரம் பார்த்தேன், போன் இல்லை, ஆள் இல்லை. உங்கள் தங்கை சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். எனக்கோ மனம் தெளிவாக இருந்தது. ஒண்ணும் சொல்லலன்னா எல்லாம் சரின்னுதானே அர்த்தம்? ஆவணி முகூர்த்தத்துக்கு மண்டபம் கிடைப்பது குதிரைக் கொம்பு என்று கடைவீதியில் பேசிக்கொண்டார்கள், நான் போய்ப் பதிந்துவிட்டேன். "முப்பது வருசம் செராமிக் கம்பெனியில கப்பத் தட்டித் தட்டிப் பாத்த மனுசன்தானே நீங்க? ணங்குன்னு சத்தம் வந்தா நல்ல கப்பு, சத்தம் வரலன்னா விரிசல்னு ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தீங்களே, இப்ப மட்டும் புத்தி எங்க போச்சு?" என்று உங்கள் தங்கை கேட்டாள். அது மண் சாமான், இது நவீன காலம் என்று சொல்லிவிட்டேன்.

அந்த மண்டபத்து மேனேஜர் இருக்கிறாரே, பெண் பேர் மாப்பிள்ளை பேர் இல்லாமல் பதியவே மாட்டாராம். சொன்னேன். மறுநாள் பையனின் தாய்மாமன் தங்கராசு தன் மகள் கல்யாணத்துக்காக அதே மண்டபத்துக்கு, அதே தேதியைக் கேட்டுக்கொண்டு போயிருக்கிறார். மேனேஜர் சிரித்துக்கொண்டே, "என்னாங்க இது, அன்னிக்கு உங்க அக்கா பையன் வளவனுக்கே கல்யாணமாச்சே, மறந்துட்டீங்களா?" என்றிருக்கிறார். மனுசன் நேரே நம் வீட்டுக்கு வந்து தெருவில் நின்று கத்தினார். "ஏன்யா, எங்களக் கேக்காமலே எங்க பையனுக்குக் கல்யாணமா?" நான் பொறுமையாக அந்தப் புரோகிராமின் முறையை எடுத்துச் சொன்னேன். "கம்ப்யூட்டருக்கும் எங்க அக்காவுக்கும் என்னாய்யா சம்பந்தம்?" என்றார். எதிர்வீட்டுக்காரர்கள் நாற்காலி போட்டுக் கேட்டார்கள்.

ஆகையால் மச்சான், நீங்கள் முதல் பஸ்ஸைப் பிடித்துச் சேத்தியாத்தோப்புக்குப் போய், மாணிக்கவேல் அறியாமல் செய்துவிட்டான் என்று என் சார்பில் மன்னிப்புக் கேட்டு, எப்படியாவது இந்தச் சம்பந்தத்தைக் காப்பாற்றிக் கொடுக்க வேண்டும். பிள்ளைக்கு வயசு ஏறுகிறது, எனக்கும் பயமாக இருக்கிறது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். பழமலைநாதர் உங்கள் கடையையும் அக்காவின் முட்டியையும் காக்கட்டும். குழந்தைகளுக்கு ஆசி.

தங்கள் அன்பு மச்சான்,
மாணிக்கவேல்

பி.கு.: கடிதத்தை ஒட்டும்போது நடராசனே போன் செய்தார். "தங்கராசு கத்துனத மனசுல வெச்சுக்காதீங்க. ஆடி பொறந்துடுச்சேன்னுதான் வாயத் தொறக்கல. எங்களுக்குப் பூரண சம்மதம், மண்டபத்த விட்டுடாதீங்க" என்றார். உள்ளே ஓடிப்போய்ச் சண்முகப்ரியாவிடம் சொன்னேன். அவள் திரையிலிருந்து முகத்தைத் திருப்பி, "எனக்கு அந்தப் பையன் வேணாம்பா" என்றாள். இத்தனை நாளும் நீ ஒன்றும் சொல்லவில்லையே அம்மா என்றேன். "கட்டளை குடுத்தப்புறம் சும்மா இருந்தாத்தாம்பா சரின்னு அர்த்தம். நீங்க என்னக் கேக்கவே இல்லியே" என்றாள். எதிர்வீட்டுக்காரன் வரைக்கும் சேதி போக விட்டவன் அவளைக் கேட்கவில்லை மச்சான். ஆகவே நீங்கள் சேத்தியாத்தோப்புக்கு அவசியம் போகவும். மன்னிப்பு மேலே எழுதியபடியே இருக்கட்டும், காரணத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவும். மண்டபத்தைத் தங்கராசுவின் மகளுக்கே விட்டுக்கொடுத்ததாகவும் சொல்லிவிடவும்.