டீச்சர் எழுதிய வானொலித் தேர்வு

பிறர் வீட்டுப் பிள்ளைகளின் குறைந்த மதிப்பெண்ணில் சோறு சாப்பிடுகிறவள் நான். சிங்கப்பூர் ஜாலான் புசாரில் ஓர் இரும்புச் சாமான் கடையின் மேல்மாடியில் இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். யார் ஃபெயிலானாலும் என்னிடம் காரணம் தயாராக இருக்கும்: "சரியாகப் படித்துப் பார்க்கவில்லை." இதைச் சிவப்பு மையில் எழுதி எழுதியே என் கையெழுத்து கெட்டுப்போனது. (கணவர் இதை மறுக்கிறார். கல்யாணத்துக்கு முன்பே அது அப்படித்தான் இருந்ததாம்.)

ஒரு மே மாதம், ஜூன் விடுமுறைக்கு நான் கொடுக்கவிருந்த வீட்டுப்பாடக் கட்டைப் பார்த்துவிட்டு, காவியா என்ற மாணவி கேட்டாள்: "டீச்சர், நீங்க கடைசியா எப்ப எக்ஸாம் எழுதுனீங்க?"

பன்னிரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். சமூக மன்றத்தில் பார்த்த சுவரொட்டி ஒன்று ஞாபகம் வந்தது. அமெச்சூர் வானொலி உரிமத்துக்கான தொடக்கநிலைத் தேர்வு. அதில் தேறி உரிமம் வாங்கினால்தான் வீட்டில் கருவி வைத்து மற்றவர்களோடு பேசலாம். அலைநீளம், மின்தடை, ஆன்டெனா, எல்லாம் நான் தினமும் நடத்துகிற பாடம்தானே? வாய் சும்மா இருந்ததா?

"இந்த மாசமே ரேடியோ எக்ஸாம் எழுதுறேன். நான் ஃபெயிலானா உங்க யாருக்கும் ஜூன் ஹோம்வொர்க் கிடையாது!"

பாடம் தெரியும், விதிமுறைகள்தான் தலைவலி. இணையத்தில் ஒரு மாதிரி வினாத் தொகுப்பு கிடைத்தது. குவீன்ஸ்டவுன் வீட்டில் நான் சமைக்க, பேருந்து ஓட்டும் என் கணவர் முருகேசன் ஷிஃப்ட் முடிந்து வந்து அதை வாசிப்பார். வாசித்தால் முழுசாக வாசிக்கிற மனிதர் அவர். கேள்வி, ஏ முதல் டி வரை நான்கு விடைகள், கீழே விளக்கம், பக்க எண்.

"ஆபத்துல இருக்கிற ஒருத்தர் கூப்பிடுறது கேட்டா முதல்ல..."

"சி!"

"இரு, நான் இன்னும் முடிக்கல."

"சி தாங்க. அடுத்ததுக்குப் போங்க."

"ஏன் சி?"

"ஏன்னு தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க? பஸ்ஸுல ஆன்டெனா மாட்டப் போறீங்களா?"

இரண்டே வாரத்தில், முதல் மூன்று சொற்களைக் கேட்டாலே எழுத்தைச் சொல்லிவிடும் நிலைக்கு உயர்ந்தேன். அவரோ விளக்கத்தையே நோண்டிக்கொண்டிருந்தார். தேர்வுக்குத் தனியாகப் போகக் கூச்சமாக இருந்ததால் அவர் பெயரையும் சேர்த்துப் பதிந்தேன். "சும்மா பேருக்கு எழுதுங்க, யாரும் மார்க் கேக்க மாட்டாங்க" என்று பெரிய மனதோடு ஆறுதலும் சொன்னேன். (இந்த இடத்தில் நீங்கள் என்னை ஒரு குட்டு குட்டலாம்.)

தேர்வறையில் நாற்பது கேள்விகளும் எனக்குத் தெரிந்தவை. பன்னிரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டு எழுந்தேன். கண்காணிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். கதவருகே திரும்பிப் பார்த்தால், கணவர் முதல் பக்கத்திலேயே பென்சிலால் காதைச் சொறிந்துகொண்டிருந்தார். பாவமாக இருந்தது.

முடிவு மின்னஞ்சலில் வந்தபோது வகுப்பு நடந்துகொண்டிருந்தது. என் மடிக்கணினி சுவரில் இருந்த பெரிய டிவியோடு இணைந்திருந்தது. "ஓப்பன் பண்ணுங்க டீச்சர்!" என்று கத்தினார்கள். வெற்றி எப்படி இருக்கும் என்று பிள்ளைகளும் பார்க்கட்டுமே என்று திறந்தேன்.

நாற்பதுக்கு ஒன்பது. தேறவில்லை.

ஒன்பதா? வேறு யாருடையதோ என்று பெயரைப் பார்த்தேன். என் பெயர்தான். வாழ்நாளில் நான் ஒன்பது வாங்கியதில்லை. கீழே கடையில் குழாய் அறுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அழ முடியாமல், டிவியை அணைக்க ரிமோட்டைத் தேடினேன், கிடைக்கவில்லை.

காவியாதான் மெதுவாகப் பேசினாள். "டீச்சர், நாலு ஆப்ஷன்ல கண்ண மூடிட்டு டிக் பண்ணாலே சராசரியா பத்து வரும்லா." போன வாரம் கணக்கில் சந்தேகம் என்று வந்தவளுக்கு நானே சொல்லிக்கொடுத்தது அது.

வெளியே ஓடிப்போய்க் கணவரை அழைத்தேன். "என்னங்க, திருத்துனவங்க பேப்பரை மாத்திட்டாங்க போல!"

"உனக்கும் மெயில் வந்துருச்சா? எனக்கு முப்பத்தாறு" என்றார், மன்னிப்புக் கேட்கும் குரலில். "கேள்வி எல்லாம் நாம படிச்சதுதான். ஆனா ஏ, பி, சி எல்லாத்தையும் இடம் மாத்திப் போட்டிருந்தாங்களே, நீ பாக்கலையா?"

நான் பார்க்கவில்லை. நாற்பது கேள்விகளில் ஒரு விடையைக்கூட நான் படிக்கவில்லை. படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் முதல் தாய்மார்கள் அழைக்கத் தொடங்கினார்கள். "டீச்சர், ஜூன்ல ஹோம்வொர்க் இல்லேங்கிறான், உண்மையா?" ஒவ்வொருவரிடமும் அந்த ஒன்பதை என் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது.

உரிமம் அவர் பெயரில் வந்தது. கருவியும் வாங்கினார். முதல் நாளே ஜூரோங்கிலிருந்து ஒரு தமிழர் அலைவரிசையில் பேச வந்தார். ஆசை தாளாமல் நான் பேசும் பொத்தானை நோக்கிக் கை நீட்டினேன். கணவர் தடுத்தார். உரிமம் இல்லாதவர் தொடக் கூடாதாம். விதியை எண்ணோடு சொன்னார்.

"பக்கத்துல யாரும் இருக்காங்களா?" என்றது ஜூரோங்.

"என் ஒய்ஃப்தான்."

"அட, அவங்களும் லைசென்ஸ் எடுத்துப் பேசலாமே!"

கணவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு பொத்தானை அழுத்தி, மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "இன்னும் படிச்சிட்டு இருக்காங்க."

அடுத்த முறை எழுதி முப்பத்தெட்டு வாங்கினேன். அந்த எண் எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் ஞாபகமில்லை. இப்போதும் ஏதாவது விருந்துக்கு நான் தாமதமாகப் போனால், "வசந்தி எங்க?" என்று நாத்தனார் கேட்பார். மேசையில் இருக்கும் அத்தனை பேரும், என் கணவர் உட்பட, ஒரே குரலில் சொல்வார்கள்: "இன்னும் படிச்சிட்டு இருக்காங்க!"