ரைட்டர் தரம் பிரித்த குச்சிகள்

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடிக்கலாமா, கூடாதா? இரண்டாம் வகுப்பில் ஒரு மகனை வைத்திருக்கும் எனக்கு இன்றுவரை பதில் தெரியாது. காலையில் கூடவே கூடாது என்று தோன்றும். சாயங்காலம் அவன் டைரியைத் திறந்ததும், ஒன்றிரண்டு போட்டால்தான் என்ன என்று தோன்றும். ஆனால் எங்கள் ஏற்காட்டில் இந்த விஷயத்தில் ஒரு நொடிகூடச் சந்தேகப்படாத மனிதர் ஒருவர் உண்டு. பிள்ளைகளை அடிக்க வேண்டும் என்பதற்காக அவரைப்போல் பாடுபட்டவரை, இந்த மலையை விடுங்கள், அடிவாரம் தாண்டிச் சேலம் வரை தேடினாலும் பார்க்க முடியாது.

அவர் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. காப்பி எஸ்டேட்டில் வேலையாட்களின் வருகையைப் பதிவு செய்பவர் என்பதால் ரைட்டர். அவருடைய ஒரே மகள் எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள்.

ரைட்டர் எதையும் எழுதித்தான் கேட்பார். பஸ் தாமதமானால் மனு. குரங்கு தொல்லைக்கு மனு. பனிமூட்டம் பள்ளி நேரத்தில் வராமல் பார்த்துக்கொள்ளும்படி யாருக்கோ மனு போட்டதாகவும் ஒரு பேச்சு உண்டு. இவற்றுக்கெல்லாம் மேல், பள்ளியில் மறுபடியும் பிரம்பு வர வேண்டும் என்ற மனு. அதற்கு ஒண்டிக்கடை முக்கில் காய்கறி வாங்குபவர்களை மறித்துக் கையெழுத்து வாங்கினார். சேர்வராயன் கோயில் திருவிழா வரிசையில் நின்றவர்களிடமும் வாங்கினார். அதில் நான்கு பேர் கல்யாணமே ஆகாதவர்கள்.

"அதுக்கென்னங்க? நாளைக்கு அவங்களுக்கும் புள்ள பொறக்குமில்லீங்க?" என்றார்.

கடைசியில் என்னிடம் வந்து நின்றார். என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்ற ஒரே தகுதியில் நான் பெற்றோர் குழுச் செயலாளர். நான் கையெழுத்திடாவிட்டால் மனு குழுவின் மனு ஆகாது.

"யோசிச்சுச் சொல்றேனுங்க" என்றேன்.

"இதுல யோசிக்க என்னங்க இருக்குது அம்மிணி? உங்க பையன் போன வாரம் என்ன பண்ணுனான்?"

என் மகன் கபிலன் போன வாரம் வகுப்பில் இருந்த அத்தனை டிபன் டப்பாக்களின் மூடிகளையும் ஒன்றுக்கொன்று மாற்றிவிட்டான். மதியம் முழுக்க முப்பது பிள்ளைகள் மூடி தேடினார்கள். என் வளர்ப்பு சரியில்லையோ என்று மூன்று நாள் தூக்கம் இல்லை. சனிக்கிழமை அரைநாள் பள்ளி முடிந்ததும் நடக்கும் கூட்டத்தில் கையெழுத்திடுவதாகச் சொல்லிவிட்டேன்.

கூட்டத்துக்கு ரைட்டர் ஒரு சாக்குப் பையோடு வந்தார். எஸ்டேட்டில் கிளை கழித்துக் கவாத்து செய்தபோது விழுந்த காப்பிக் குச்சிகளைச் சீவி, மழமழவென்று தேய்த்து, காப்பிக் கொட்டையைத் தரம் பிரிப்பதுபோல் ஐந்து தரமாகப் பிரித்திருந்தார். ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டியிருந்தது.

"முதல் தரம் பத்தாம் வகுப்புக்குங்க சிஸ்டர். அஞ்சாம் தரம் சின்னப் பசங்களுக்கு, நொம்ப மெலுசு. முனையெல்லாம் மழுக்கியாச்சு. கண்ணுல பட்டாலும் ஒண்ணும் ஆகாது."

"கண்ணுல ஏன் படணும்?" என்றார் கன்னியாஸ்திரியான தலைமையாசிரியை.

"படக்கூடாதுங்க. இருந்தாலும் ஒரு பாதுகாப்புக்கு."

பிரம்பு சட்டப்படி தவறு என்று தலைமையாசிரியை சொன்னார். அதற்கும் ஒரு மனு போடலாம் என்றார் ரைட்டர். தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி ரைட்டர். அஞ்சாம் தரம் எப்படி விழும்னு அடிச்சுக் காட்டுங்க பார்ப்போம்."

அப்போது பள்ளி விட்டு என்னோடு வந்திருந்த கபிலன், பரிசு வாங்கப் போவதுபோல் ஓடிப்போய் ரைட்டர் முன்னால் கையை நீட்டினான். நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன்.

ரைட்டர் குச்சியை எடுத்தார். ஈரமாக இருக்கிறது என்று வேட்டியில் துடைத்தார். வெளிச்சம் போதவில்லை என்று ஜன்னல் பக்கம் நகர்ந்தார்.

"சாமி, காலைல சாப்ட்டியா?"

"ரெண்டு இட்லி."

"ரெண்டுதானா?" என்று கவலைப்பட்டார். பிறகு அவன் சட்டைக் கையை மடித்துவிட்டவர், குச்சியைக் கீழே போட்டார்.

"இதென்ன கண்ணு கீறல்? எவன் பண்ணுனான்? சொல்லு சாமி, அவனை உண்டு இல்லைன்னு பண்ணிப்புடறேன்."

"அம்மா" என்றான் கபிலன்.

அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின. அன்று காலை வேன் வந்து ஆரன் அடித்தபோது அவன் ஒரு காலில் மட்டும் ஷூ போட்டுக்கொண்டு எறும்பு பார்த்துக்கொண்டிருந்தான். கையில் ஒரு அடி போட்டேன். வளையல் கிழித்துவிட்டது. மனு என் மடியில் இருந்தது. அதில் பார்வையை வைத்துக்கொண்டேன்.

முதலில் பேசியவர் ரைட்டர்தான்.

"இது அடியில்லீங்க சிஸ்டர். வளையல் கோளாறு. வாங்கறப்ப ஓரத்தைத் தடவிப் பாத்து வாங்கோணும்." பிறகு என்னிடம், "அம்மிணி, பேனாவை மூடுங்க" என்றார். மனுவை என்னிடமிருந்து வாங்கி நான்காக மடித்துக்கொண்டார்.

"ரைட்டர், உங்க பொண்ணை எப்பவாவது அடிச்சிருக்கீங்களா?" என்றார் தலைமையாசிரியை.

"ஊட்டுல என்னால முடிஞ்சா நான் ஏனுங்க இத்தனை மனு எழுதறேன்?"

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

மறுவாரம் ஒண்டிக்கடையில் என்னை நிறுத்தினார்.

"ஏனுங்க அம்மிணி, நீங்க கையை ஓங்கிப்புட்டு வருத்தப்படறீங்க. நான் ஓங்க முடியாம நிக்கறேன். எம் பொண்ணு ஒரு பேச்சும் கேக்கறதில்ல. ரெண்டுக்கும் நடுவால ஒரு வழி இருக்கோணுமில்லீங்க?"

"எனக்குத் தெரியலீங்களே."

"எனக்கும் தெரியலீங்க. நீங்க பத்திரிகைக்கெல்லாம் எழுதறவங்க. அங்க கேட்டுப் பாருங்க."

அதனால் கேட்கிறேன். காலை எட்டேகால். வேன் ஆரன் அடிக்கிறது. ஒரு காலில்தான் ஷூ. சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது, கை தானாக எழுகிறது. அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்? எழுதுங்கள். பதிலை இரண்டு பிரதியாக அனுப்புங்கள், ஒன்று ரைட்டருக்கு. இத்தனை வருடத்தில் அவர் எழுதிய எதற்கும் யாரும் பதில் போட்டதில்லை.