என் மனையில் நிற்கும் தங்கள் விமானம் குறித்து

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் அக்காவும் நலமாகத்தான் இருப்பீர்கள். இருக்காமல் என்ன? விமானம் என் மனையில் அல்லவா நிற்கிறது!

ராணுவம் கழித்துக் கட்டிய அந்தச் சரக்கு விமானத்தை ஏலத்தில் எடுத்து, "மச்சான், ரெண்டே நாள் நிக்கட்டும், ஹோட்டலா மாத்திடறேன்" என்றீர்கள். பதினான்கு மாதம் ஆகிறது. இருபது வருடத்துக்கு முன் இரவல் வாங்கிய என் குடையையே திருப்பித் தராதவரை நம்பியது என் புத்தி. இரண்டு எஞ்சினும் ஓய்வு பெற்றுவிட்டன. எண்ணெய் ஒழுகுவதற்கு மட்டும் ஓய்வில்லை. காற்றடித்தால் பக்கத்து வீட்டு வக்கீல் காயப்போட்ட வெள்ளைச் சட்டைகளெல்லாம் புள்ளிமான்.

அதையும் பொறுத்தேன். காவலுக்கென்று ஒரு சார்ஜென்ட்டை அனுப்பினீர்களே, அவரைத்தான் பொறுக்க முடியவில்லை. பாராசூட் வீரர்கள் குதிக்கும் வாசலில் நின்று, பச்சை விளக்கு எரிந்த பிறகும் தயங்குகிறவனை முதுகில் தட்டித் தள்ளுவது இருபத்திரண்டு வருடம் அவர் பார்த்த உத்தியோகம். இப்போதும் பேட்டரி வைத்து அந்த விளக்கை எரியவிட்டுக்கொண்டிருக்கிறார். நேற்று மனையை வாங்க ஒரு மர வியாபாரி வந்தார். மூன்று வருடத்தில் வந்த ஒரே ஆள். இது விற்றால்தான் எனக்கு வாடகை வீட்டிலிருந்து விடுதலை. "மேலேர்ந்து பாத்தா எல்லை நல்லாத் தெரியும்" என்று சார்ஜென்ட் அவரை உள்ளே ஏற்றினார். வியாபாரி வாசலில் நின்று நாலு பக்கமும் பார்த்து, தாடையைத் தடவிக்கொண்டு, "கொஞ்சம் யோசிக்கணுமே" என்றார். அவ்வளவுதான். "வாசல்ல நின்னு யோசிக்கக் கூடாது! போ!" என்று முதுகில் ஒரு தட்டு. மனிதர் எண்ணெய்ச் சேற்றில் குப்புற விழுந்தார். நான் பதறி ஓடினால், மேலிருந்து, "காலைச் சேத்து வச்சு விழணும் சார், யாரு கேக்கறாங்க" என்கிறார் சார்ஜென்ட். வியாபாரி சேறு சொட்டச் சொட்டக் காரேறிப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமைக்குள் விமானமும் சார்ஜென்ட்டும் கிளம்பியாக வேண்டும். அக்காவிடமும் முறையிட்டேன். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்னை இழுக்காதடா" என்று போனை வைத்துவிட்டாள்.

தங்களுக்கு நீண்ட ஆயுளும், அடுத்தவன் மனையை நாடாத மனமும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் வியாபாரி திரும்பி வந்தார். மனையை எடுத்துக்கொள்கிறாராம். ஆனால் விமானமும் சார்ஜென்ட்டும் அப்படியே இருக்க வேண்டுமாம். "நாளைக்கு என் மச்சினனைக் கூட்டிட்டு வர்றேன் சார். எதைக் கேட்டாலும் யோசிக்கணும்பான்" என்று கண்ணடித்தார். ஆகவே விமானத்தை யாரும் தொடக் கூடாது. பத்திரம் பதிவாகும்வரை மனை என்னுடையதுதான்; ஞாயிறு காலை தாங்கள் அவசியம் வரவும். வாசலோரம் நல்ல காற்று வருகிறது.