சர்க்கரைப் பொங்கலைக் கடைந்த இயந்திரம்

பிள்ளைப்பாக்கம்,
11ஆம் தேதி, திங்கட்கிழமை.

மதிப்பிற்குரிய சுடலைக்கண்ணு மாமா அவர்களுக்கு,

மருமகள் வேல்விழி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் அறைத்தோழிகள் மூவரும் நலம். தண்ணீர் லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் நலமாக வருகிறது. அங்கே உங்கள் மூட்டுவலி, கோமதியம்மாள் அத்தை, அத்தையின் ஆடுகள் எல்லாம் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் "மாமா, அது வந்து..." என்று ஆரம்பித்தாலே, "சரிட்டி, நல்லாருக்கேல்லா, வச்சிருதேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். காகிதத்தை வைத்துவிட்டாலும் எழுத்து அங்கேயே இருக்கும். விஷயம் இதுதான். வருகிற இருபத்திரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை நம்பிராஜன் வீட்டார் என்னைப் பெண் பார்க்க வரும்போது நான் ஊரில் இருக்க மாட்டேன். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. புகைப்படத்தில் அவருடைய மோட்டார் சைக்கிள் மிகவும் சுத்தமாக இருக்கிறது. ஆனால் அதே நாளில் எனக்குத் தொழிற்சாலையில் சோதனை ஓட்டம். அதை விட்டு என்னால் வர முடியாது.

இரண்டு வருடமாக நான் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பதாக நீங்கள் ஊரில் சொல்லி வருகிறீர்கள். போன மாதம் நான் திருத்தியபோது, "கடைசல் மிஷினா? கட்டில்கால் கடையுததா? அத வெளிய சொல்லாதட்டி" என்றீர்கள். ஆகையால் விளக்கிவிடுகிறேன். சாதாரணக் கடைசல் இயந்திரத்தில் இரும்பு படுத்த வாக்கில் சுழலும். எங்களுடையது நிற்கிற ஜாதி. உச்சியிலிருந்து மூன்று விரல் வைத்த ஒரு கை கீழே இறங்கி, பெல்ட்டில் வருகிற ஹப்பை, அதாவது வண்டிச் சக்கரத்தின் நடுவே இருக்கும் வட்ட இரும்பை, தானே கவ்வி எடுத்துக்கொண்டு போய்க் கடைந்து, தானே அளந்து பார்த்து, சரியாக இருந்தால் இந்தப் பக்கமும் இல்லாவிட்டால் அந்தப் பக்கமும் வைத்துவிடும். அளவு பிசகினால் அடுத்ததற்குள் தன் கத்தியைத் தானே திருத்திக்கொள்ளும். அதன் கையேடு நானூறு பக்கம். நான் வரி விடாமல் படித்தேன். படித்த பல நாவல்களைவிட அது சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறது.

இந்த இயந்திரத்துக்கு அளவு வைத்து ஓட்டுகிறவருக்கு செட்டர் என்று பெயர். எங்கள் ஆலையில் இதுவரை ஒரு பெண்ணை செட்டராகப் போட்டதில்லை. பெண்களுக்கு அளவு பார்க்கிற மேசைதான். எட்டு மாதம் நான் கேட்டுக்கொண்டே இருந்ததில் மேலாளர் ஹேமந்த் சார் களைத்துப்போய் ஒரு நிபந்தனை போட்டார். வாடிக்கையாளர் கம்பெனி ஆட்கள் கண்முன்னால் முந்நூறு ஹப் ஒரு பழுது இல்லாமல் ஓட்டிக் காட்டினால் இயந்திரம் என் பொறுப்பு. இல்லையென்றால் மேசைக்குத் திரும்பிவிட வேண்டும், மறுபடி கேட்கக் கூடாது.

அந்த ஓட்டம் போன வெள்ளிக்கிழமை நடந்தது. காலையில் எல்லாம் தயார் செய்து, இயந்திரத்தைத் தானியங்கியில் போட்டுவிட்டு, வாடிக்கையாளர்களை அழைத்துவர நான் வாசல்வரை போனேன். போனது தப்பு. எங்கள் சூப்பர்வைசர் புருஷோத்தமன் அண்ணன் காஞ்சிபுரத்துக்காரர், சாமி கும்பிடாமல் ஒரு போல்ட்டைக்கூடத் திருகாதவர். நான் போகும்போதே, "இன்னாம்மா, புச்சு மிஷினு, அதுக்கு ஒரு வாய் குட்க்காம வேலை வாங்குனா எப்டி?" என்றார். நானும் கற்பூரம் காட்டுவார் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன். அவரோ வீட்டில் செய்த சர்க்கரைப் பொங்கலை வட்டமான எவர்சில்வர் டப்பாவில் கொண்டுவந்திருக்கிறார். பழைய இயந்திரங்களில் படையலை வைக்க இரும்பு மேடை உண்டு. இதில் சமமான இடம் அந்த பெல்ட் ஒன்றுதான். அதில் டப்பாவை வைத்து, கையைக் கூப்பிக் கண்ணை மூடியிருக்கிறார். ஹப்புக்காகக் காத்திருந்த இயந்திரம், வட்டமாக, இரும்பாக, ஏறக்குறைய அதே உயரத்தில் ஒன்று வந்து நிற்பதைப் பார்த்ததும் கையை இறக்கி டப்பாவைக் கவ்விக்கொண்டு உள்ளே போய்விட்டது. அண்ணன் கண் திறந்தபோது கதவு மூடிக் கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சளாக ஏதோ தெறித்துக்கொண்டிருந்ததாம். அம்பத்திரண்டு வினாடி. கடைந்து, கழுவி, அளந்து, பழுது என்று ஒதுக்கிவிட்டது. இவர் டப்பாவை எடுத்துச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துவிட்டு, நாங்கள் வந்தபோது சாதுவாக நின்றுகொண்டிருந்தார்.

ஓட்டம் ஆரம்பித்தது. முதல் ஹப் பழுது. இரண்டாவது பழுது. பதினொன்று வரிசையாகப் பழுது. ஹேமந்த் சார் முகம் பார்க்கிற மாதிரி இல்லை. நான் திரையை விட்டுத் தலை தூக்கவில்லை. கத்தி சரி, நிரல் சரி, அளவு மட்டும் தப்பு. அந்த நேரம் பார்த்து, இரும்புத் துருவலை வெளியே கொண்டுவந்து கொட்டுகிற பெல்ட்டில், துருவலோடு துருவலாக நெய்யில் வறுத்த முந்திரிப்பருப்பு ஒவ்வொன்றாக ஏறி வர ஆரம்பித்தது. பின்னால் திராட்சை. வாடிக்கையாளரில் ஒருவர் ஒரு முந்திரியை இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, "வார்ப்படத்துல இது எப்படிங்க வரும்?" என்று உண்மையான ஆர்வத்தோடு கேட்டார். புருஷோத்தமன் அண்ணன், "படைச்சது நான்தான் சார். துன்னது அது" என்று சட்டைக்குள்ளிருந்து டப்பாவை எடுத்து நீட்டினார். விளிம்பு கண்ணாடி மாதிரி மின்னியது. "எம் பொஞ்சாதி வூட்டு சீர் டப்பா சார். நான் வூட்டுக்குப் போய் இன்னா சொல்றது?" என்றபோது அவர் கண் கலங்கியிருந்தது.

டப்பாவைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அளவு தப்பிய டப்பாவைப் பார்த்து, தப்பு தன்னுடையது என்று நம்பி இயந்திரம் கத்தியை நகர்த்திக்கொண்டது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து வர பதினொரு ஹப் ஆயிற்று. ஒரே தடவையில் இதற்குமேல் உன்னைத் திருத்திக்கொள்ளாதே என்று ஓர் எல்லை போட்டிருக்க வேண்டும். போட வேண்டியவள் நான், போடவில்லை. அதை அவர்கள் எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஹேமந்த் சார், "சரி, மேசைக்குப் போம்மா" என்றார். நான், "போக மாட்டேன் சார். தப்பு எங்கன்னு கண்டுபிடிச்சாச்சு. இன்னொரு ஓட்டம் குடுங்க, அதுவரைக்கும் இங்கனயேதான் நிப்பேன்" என்றேன். என் குரல் எனக்கே அறிமுகமில்லாததாக இருந்தது. அண்ணன்தான் உதவிக்கு வந்தார். "குட்து பாருங்க சார். இந்தப் பொண்ணு வுடாது. இல்லாங்காட்டி தெனமும் என் உசுர வாங்கும்." அப்படிக் கிடைத்ததுதான் இந்த இருபத்திரண்டாம் தேதி.

அன்று முதல் நானும் அண்ணனும் இயந்திரத்திலிருந்து பொங்கலை எடுத்துக்கொண்டிருக்கிறோம். வெல்லமும் நெய்யும் குளிர்விக்கும் நீர்த்தொட்டிவரை போயிருக்கிறது. இந்த ஒரகடம் வட்டாரத்தில் எறும்பு இல்லாத ஆலை எங்களுடையது என்று போன மாதம்தான் சான்றிதழ் வாங்கினோம். எல்லையை நான் போட்டுவிட்டேன். மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். இப்போது நகர்ந்தால் அவ்வளவும் வீண். ஆகவே மாமா, நம்பிராஜன் வீட்டாரிடம் தயவாகப் பேசி வேறு நாள் கேளுங்கள். தீபாவளிக்குப் பிறகு எந்த நாள் என்றாலும் மனமகிழ்ச்சியோடு வருகிறேன். பெண் கடைசல் வேலை பார்க்கிறாள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

அத்தைக்கும் தெருவில் என்னை விசாரிக்கிற அனைவருக்கும் என் அன்பு. உங்கள் உடம்பும் மனமும் நன்றாக இருக்கட்டும். மனம், இதைப் படித்த பிறகும்.

என்றும் உங்கள் சொல்லை மதிக்கும்,
வேல்விழி

பின்குறிப்பு (14ஆம் தேதி, வியாழன்): தபால் நிலையம் மூடுகிற நேரத்தில்தான் என் ஷிஃப்ட் முடிகிறது என்பதால் கடிதம் பையிலேயே இருந்துவிட்டது. வாடிக்கையாளர்களுக்கு அவசரம் போலிருக்கிறது, நேற்றே வந்துவிட்டார்கள். முந்நூறும் ஓடின. ஒன்றும் பழுதில்லை. இயந்திரம் இனி என் பொறுப்பு. ஹேமந்த் சார், "அடுத்த வெள்ளி, சனி லீவு எடுத்துக்கம்மா, ஊருக்குப் போயிட்டு வா" என்று நானே கேட்காமல் கொடுத்துவிட்டார். ஆகவே மேலே எழுதிய காரணம் எதுவும் இப்போது இல்லை. இருபத்திரண்டாம் தேதி நான் முழுக்கச் சும்மாதான் இருக்கிறேன். வேறு காரணம் ஏதாவது கிடைக்குமா என்று நேற்று ராத்திரி முழுவதும் யோசித்தேன், கிடைக்கவில்லை. காரணம் இல்லாமலே சொல்கிறேன் மாமா: வர மாட்டேன். எனக்கு இப்போது கல்யாணம் வேண்டாம். தீபாவளிக்குப் பிறகு மனமகிழ்ச்சியோடு வருகிறேன் என்ற வரியைத் தயவுசெய்து நீங்களே அடித்துவிடுங்கள். இதை முதலிலேயே எழுதியிருந்தால் ஓர் அஞ்சலட்டை போதுமாயிருந்திருக்கும்.