நூறு டிகிரிக் காய்ச்சல்

புதிதாக மிஷின் வாங்கியவன் வாய் சும்மா இருக்காது. குஞ்சு பொரிக்கும் மிஷின் வாங்கிய புதிதில், நைனார்பாளையத்தில் எங்கள் தெரு முழுக்க என் வாய்தான் கேட்டது. அடைக்கோழியெல்லாம் பழைய காலம் என்றேன். கோழி பாதியில் எழுந்து போய்விடும், மிஷின் போகாது என்றேன். (கணக்கு வாத்தியார் சொன்னால் ஜனங்கள் நம்பித் தொலைக்கிறார்கள்.) தெருப் பெண்கள் சேர்த்து வைத்திருந்த நாட்டுக்கோழி முட்டைகள் நாற்பது வந்து சேர்ந்தன. அதில் பத்து, எதிர்வீட்டுச் செல்வி அக்காவுடையவை. கூலி வேலைக்குப் போகும் அவர், குஞ்சுகளை வளர்த்து விற்று மகளைக் கல்லூரியில் சேர்க்க நினைத்திருந்தார்.

பத்தொன்பதாம் நாள் புயல் அடித்தது. புளியமரம் கம்பங்களைச் சாய்த்துக்கொண்டு விழுந்தது. கரண்டு வர நாலு நாளாகும் என்றார் லைன்மேன். குஞ்சு வெளியே வர இன்னும் இரண்டே நாள்.

மிஷின் ஆறத் தொடங்கியதும் முட்டைகளைத் தவிடு பரப்பிய கூடைக்கு மாற்றினோம். என் மனைவி மலர் பாட்டில்களில் வெந்நீர் ஊற்றிச் சுற்றி வைத்தாள். அரைமணிக்கொரு தரம் அவை ஆறிப்போயின. செல்வி அக்கா தன் கோழியைக் கொண்டுவந்து விட்டுப் பார்த்தார். அது கூடையை ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே நடந்தது.

அக்கா என்னைப் பார்த்தார். "அது ஒக்கார மாட்டேன்னுது. நீங்க ஒக்காருங்க சார்."

கூடையை வயிற்றோடு அணைத்து, இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்தேன். சாப்பாடு மலர் ஊட்டினாள். மறுநாள் பள்ளி திறந்தது. கடுங்காய்ச்சல் என்று விடுப்புக் கடிதம் கொடுத்தனுப்பினேன்.

அதற்கடுத்த நாள் மத்தியானம், கையில் சாத்துக்குடிப் பையோடு தலைமையாசிரியர் வந்து நின்றார். எழுந்து வணக்கம் சொல்லக்கூட முடியவில்லை. படுத்தபடியே முனகினேன். என் பருத்த வயிற்றைக் கவலையோடு பார்த்தார். காய்ச்சல் எவ்வளவு என்று மலரிடம் கேட்டார்.

அவள் கம்பளிக்குள் கையை விட்டு, முட்டைகளுக்கு நடுவே வைத்திருந்த தெர்மாமீட்டரை எடுத்தாள். "நூறு சார். கம்மியாவாம பாத்துக்கினு கீறேன்."

அவர் குழம்பி நிற்கும்போதே என் வயிற்றிலிருந்து 'கீச்' என்றது. நான் இருமினேன். மறுபடி 'கீச்'. இந்த முறை நான் இருமுவதற்குள், ஈரமான ஒரு குஞ்சு கம்பளி விளிம்பில் தலையை நீட்டித் தலைமையாசிரியரைப் பார்த்தது.

வேலை போயிற்று என்றே நினைத்தேன். உண்மையைச் சொன்னேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடைக்கு மறுபக்கம் உட்கார்ந்து, "மூடுங்க சார், காத்து போவுது" என்றார். சாயங்காலம்வரை நகரவில்லை. ஒவ்வொரு ஓடு விரியும்போதும் அவர்தான் எண்ணிக்கை சொன்னார். செல்வி அக்கா வாசலில் நின்றுகொண்டு அதைத் தெருவுக்கு அறிவித்தார்.

முப்பத்திரண்டு பொரிந்தன. முதல் பத்தைத் தெருவே அக்காவுக்குக் கொடுத்தது. குஞ்சுகள் கோழிகளை விட்டுவிட்டு ஒரு மாதம் என் பின்னாலேயே ஓடின, பஸ் நிறுத்தம் வரைக்கும்.

இப்போதும் நான் உடம்பு சரியில்லை என்று விடுப்புக் கேட்டால், தலைமையாசிரியர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்:

"காய்ச்சலா, அடையா?"